முப்பத்தைந்து தோரியக் கட்டுகள்: இந்திய அணு உலைகளில் வெப்பமும் கணக்கும்

நஞ்சன்கூட்டில் கபினியாற்றின் பழைய பாலத்தருகே மாலையில் நடப்பது என் வழக்கம். இங்கிருந்து புறப்படும் நீர் திருமகூடலு நரசிபுரத்தில் காவிரியோடு கலந்து, சிவனசமுத்திரத்தில் பாறைகளின்மீது வீழ்கிறது. 1902ஆம் ஆண்டு அந்த வீழ்ச்சியிலிருந்து எடுக்கப்பட்ட மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவிலிருந்த கோலார் தங்கவயலுக்குக் கம்பி வழியே சென்றது. இந்திய மின்சார வரலாற்றை எழுதுவோர் அனைவரும் அங்கிருந்தே தொடங்குவர். அறிவியல் தொழில்நுட்ப வரலாற்றில் ஆய்வு மேற்கொண்டிருக்கும் நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன். ஆனால் எதிர்த்திசையில் செல்வதற்காக.

வீழும் நீர் மின்சாரமாக மாறுகையில் இழப்பு குறைவு. நல்ல நீர்விசையாழி ஒன்று தன்னிடம் வந்து சேரும் ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்குவரை சுழற்சியாக மாற்றிவிடும். வெப்பத்தின் இயல்பு வேறு. 1824இல் சாதி கார்னோ என்ற பிரெஞ்சுப் பொறியாளர் காட்டியபடி, வெப்பத்தை வேலையாக மாற்றும் எந்த இயந்திரமும் ஒரு பங்கைக் குளிர்ந்த இடத்தில் கொட்டியே ஆக வேண்டும். கொட்டவேண்டிய குறைந்தபட்ச அளவை நிர்ணயிப்பவை இரண்டு வெப்பநிலைகளே: நீராவி புகும் வெப்பநிலை ஒன்று, அது குளிர்ந்து வெளியேறும் வெப்பநிலை மற்றொன்று. இயந்திரத்தைச் செய்தவரின் திறமை அந்த எல்லையைக் கடக்க உதவாது.

இந்த எளிய விதி, கர்நாடகத்தின் மற்றொரு மூலையில், உத்தர கன்னட மாவட்டத்தின் காளி நதிக்கரையில் நிற்கும் கைகா அணுமின் நிலையத்தை எவ்வாறு ஆள்கிறது, அந்த ஆட்சிக்குள் கணக்கீடு என்ன சாதித்தது என்பதே இப்பதிவின் பொருள். பதிவு நீளமானது, பொறுத்தருள வேண்டுகிறேன்.

1. இருபத்தொன்பது விழுக்காடு

கைகாவின் நான்கு உலைகளும் 220 மெகாவாட் வகையைச் சேர்ந்த அழுத்தக் கனநீர் உலைகள். ஒவ்வொன்றிலும் எரிபொருளிலிருந்து நீராவிக் கலங்களுக்குச் செல்லும் வெப்பம் ஏறத்தாழ 756 மெகாவாட். மின்னாக்கியிலிருந்து வெளிவருவது 220. ஆக, வெப்பத்திறன் 29 விழுக்காடு. எஞ்சிய 536 மெகாவாட் கண்டென்சர் வழியே கத்ரா நீர்த்தேக்கத்தின் நீரைச் சூடேற்றுகிறது. நிலையத்தின் சொந்தப் பம்புகளுக்கும் பிற கருவிகளுக்கும் போக, கம்பியில் ஏறுவது 202 மெகாவாட்டே.

கூடங்குளத்தின் ரஷ்ய வகை உலையில் 3000 மெகாவாட் வெப்பம் 1000 மெகாவாட் மின்சாரமாகிறது. அதாவது 33 விழுக்காடு. கல்பாக்கத்தின் முன்மாதிரி வேக ஈனுலைக்கு வகுக்கப்பட்ட கணக்கு 1250 மெகாவாட் வெப்பத்திற்கு 500 மெகாவாட் மின்சாரம். அது 40 விழுக்காடு.

இவ்வேறுபாட்டைக் கண்டு கனநீர் உலையை வடிவமைத்தவர்கள் கவனக்குறைவானவர்கள் என்று முடிவுசெய்வது பிழை. கனநீர் உலை செறிவூட்டாத இயற்கை யுரேனியத்தில் இயங்குகிறது. அதில் பிளவுறும் யுரேனியம்-235 நூற்றுக்கு 0.7 பங்கே. ஆகவே ஒரு நியூட்ரானைக்கூட வீணாக்க இயலாது. எரிபொருளைச் சூழ்ந்த குழாய்கள் நியூட்ரான்களை அதிகம் விழுங்காத சிர்கோனிய உலோகக் கலவையால், இயன்றவரை மெல்லியனவாகச் செய்யப்பட்டாக வேண்டும். மெல்லிய குழாய் மிகுந்த அழுத்தத்தையும் வெப்பத்தையும் தாங்காது. எனவே அதனுள் ஓடும் கனநீர் ஏறத்தாழ 293 டிகிரி செல்சியஸில் நிறுத்தப்படுகிறது. அது உண்டாக்கும் நீராவி 250 டிகிரியளவில் அமைகிறது. 250 டிகிரியில் புகுந்து 40 டிகிரியில் வெளியேறும் நீராவிக்குக் கார்னோவின் விதி அனுமதிக்கும் உச்சமே 40 விழுக்காடு. மெய்யான இயந்திரம் அதில் முக்கால் பங்கை எட்டுகிறது. அவ்வளவே இயலும்.

இதனை அரசியற்பொருளாதார மொழியில் சொல்வதானால், செறிவூட்டும் தொழில்நுட்பமில்லாத ஒரு நாடு தற்சார்பை வெப்பத்திறனைக் கொடுத்து வாங்கியது. கனநீர்ப் பாதையைத் தேர்ந்தெடுத்த நாளிலேயே அந்த 29 விழுக்காடும் தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டது.

அப்படியானால் பொறியாளர்களும் இயற்பியலாளர்களும் அடுத்த முப்பது ஆண்டுகள் எதை மேம்படுத்தினர்? வெப்பத்திறன் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கேட்கத் தவறும் வினா இது.

2. அனுமதிக்கப்பட்ட வெப்பம்

உலை ஒன்றின் எரிபொருள் எங்கும் ஒரே அளவில் வெப்பம் தருவதில்லை. விளிம்பிலுள்ள நியூட்ரான்கள் வெளியே கசிந்துவிடுகின்றன. நடுவிலுள்ளவை உள்ளேயே நின்று மேலும் பிளவுகளை உண்டாக்குகின்றன. ஆகவே நடுப்பகுதி அதிகம் கொதிக்கும். பெரிய தோசைக்கல்லை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. நடுவில் தோசை கருகத் தொடங்கும்போது ஓரத்தில் மாவு வேகாமல் கிடக்கும். தீயைக் குறைத்தால் நடு தப்பும். ஓரமோ என்றும் வேகாது. கைப்பழக்கம் உள்ளவர் தீயைத் தொடாமல் கல்லின் நடுவில் நீரைத் தெளிப்பார்.

உலையிலும் இவ்விரு வழிகளே உள்ளன. எந்த எரிபொருள் கட்டும் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டி வெப்பம் தரலாகாது என்பது பாதுகாப்பு விதி. நடுவிலுள்ள ஒரே ஒரு கட்டு அவ்வரம்பைத் தொட்டாலும் உலை முழுவதையும் அந்த அளவில் நிறுத்தியாக வேண்டும். ஆகவே 220 மெகாவாட் தரக்கூடிய உலை, எரிபொருளோ இயந்திரமோ குறைபடாமலேயே, பகிர்வு சீராக இல்லாத ஒரே காரணத்தால் முழு ஆற்றலை எட்டாமல் நிற்கும்.

அவ்வாறு குறைந்த ஆற்றலில் இயங்கும் உலைக்கு வெப்பத்திறனும் சரியும். கனநீரைச் சுழற்றும் பம்புகள் முன்போலவே மின்சாரம் உண்ணும். விசையாழியோ முழு நீராவி ஓட்டத்திற்கென வடிவமைக்கப்பட்டது. குறைந்த ஓட்டத்தில் அது தன் சிறந்த நிலையில் இயங்காது. வெப்பப் பகிர்வைச் சீராக்குவது, ஆகவே, வெப்பத்திறன் என்னும் வினாவின் மறுபாதி. நீராவிச் சுழற்சியில் கார்னோ விதித்த எல்லையை அசைக்க முடியாதவர்கள் இந்த மறுபாதியில்தான் தங்கள் அறிவைச் செலுத்தினர்.

ஓராண்டுக்கும் மேலாக இயங்கிவரும் உலையில் இச்சிக்கல் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். கனநீர் உலையில் எரிபொருளை உலை ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம். 306 குழாய்களில், நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு குழாயில் எட்டுக் கட்டுகள் மாற்றப்படுகின்றன. நடுப்பகுதியில் எரிபொருளை அதிக காலம் எரியவிட்டு, நைந்த எரிபொருளாகவே வைத்திருந்தால் அங்குக் கொதிப்பு தணியும். எந்த நாளில் எந்தக் குழாயைத் திறப்பது என்பதே ஓர் இடையறாத உகப்பாக்கக் கணக்கு. அதற்கென டிராம்பேயின் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் எழுதப்பட்ட முப்பரிமாணக் கணினி நிரலுக்குத் திரிவேணி என்று பெயர்.

புதிய உலையின் முதல் நாளிலோ எல்லா எரிபொருளும் புதிது. நைந்தது எதுவுமில்லை. அந்த முதல் மாதங்களில்தான் நடுப்பகுதி மிகக் கடுமையாகக் கொதிக்கும்.

3. கணக்கிடும் கருவிகள்

இங்கே ஒரு சிறு விலகல். நியூட்ரான்கள் ஓர் உலைக்குள் எவ்வாறு பரவுகின்றன என்பதைச் சொல்லும் சமன்பாடுகளைக் கையால் தீர்க்க இயலாது. உலையைச் சிறுசிறு பெட்டிகளாகப் பகுத்து, ஒவ்வொரு பெட்டிக்கும் அண்டைப் பெட்டிகளோடுள்ள உறவை எழுதி, விடை நிலைபெறும்வரை மீண்டும் மீண்டும் கணக்கிட வேண்டும்.

சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் முன்னின்று உருவாக்கிய டிஃப்ராக் கணினி, மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1960இல் இயங்கத் தொடங்கியது. 1964இல் அதே நிறுவனத்திற்கு அமெரிக்காவின் சி.டி.சி. 3600 வந்தது. பின்னர் டிராம்பேயில் சோவியத் ஒன்றியத்தின் பெஸ்ம்-6 நிறுவப்பட்டது. இந்திய அணுசக்தித் துறையின் முதல் தலைமுறைக் கணக்குகள் இத்தகைய இயந்திரங்களில், துளையிட்ட அட்டைகளின் வழியே செய்யப்பட்டவை.

1974 மே 18 அன்று பொக்ரானில் நிகழ்ந்த வெடிப்புச் சோதனைக்குப் பின் கனடா தன் ஒத்துழைப்பை விலக்கிக்கொண்டது. ராஜஸ்தானில் இரண்டாம் உலை அப்போது பாதிக் கட்டுமானத்தில் நின்றது. உலையின் பாகங்கள் வரவில்லை என்பதை வரலாற்று நூல்கள் அனைத்தும் சொல்கின்றன. உலையின் கணக்குகளும் வரவில்லை என்பது அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. கனடாவின் நிரல்களைக் கேட்டுப் பெறும் வழி அடைபட்டதும் அவற்றை இங்கேயே எழுத வேண்டியதாயிற்று. பிற்காலத்தில் உயர்திறன் கணினிகளை விற்பதற்கும் மேலை நாடுகள் தடை விதித்தன. அத்தடைக்கு விடையாகவே 1990களின் தொடக்கத்தில் டிராம்பேயில் அனுபம் என்னும் இணைச்செயற்பாட்டுக் கணினி வரிசை பிறந்தது.

இந்தப் பின்னணியில் ஒன்றை நினைவிற்கொள்வோம். இக்காலத்தில் உகப்பாக்கம் என்றதும் இலட்சக்கணக்கான மாற்றுகளைச் சலித்தெடுக்கும் இயந்திரமே நம் கண்முன் நிற்கிறது. அன்றோ ஒரு முப்பரிமாணக் கணக்குக்கே வரிசையில் காத்திருக்க வேண்டும். எந்தக் கணக்கைச் செய்வது என்று முன்கூட்டியே சிந்திப்பதே அன்றைய உகப்பாக்கம்.

4. காக்ராபாரின் முப்பத்தைந்து கட்டுகள்

முதல் மாதங்களின் கொதிப்பைத் தணிக்க முந்தைய உலைகளில் கையாளப்பட்ட வழி, யுரேனியம்-235 குறைந்த யுரேனியக் கட்டுகளை நடுப்பகுதியில் இடுவது. தோசைக்கல்லின் நடுவில் நீர் தெளிப்பதற்கு இணையானது அது. ஆனால் அத்தகைய கட்டு ஒவ்வொன்றின் விளைவும் சிறிது, நூற்றுக்கணக்கில் தேவைப்படும்.

தோரியம் வேறுபட்டது. மணவாளக்குறிச்சி, சவரா கடற்கரை மணலில் மோனசைட்டாகக் கிடக்கும் இத்தனிமம், யுரேனியம்-238ஐவிட இரண்டு மடங்குக்கு மேலாக நியூட்ரான்களை விழுங்கும். தன்னளவில் அது பிளவுறாது. ஆகவே மிகச் சில கட்டுகளே போதும். விழுங்கிய நியூட்ரான் வீணாவதுமில்லை. தோரியம் மெல்ல யுரேனியம்-233 ஆக மாறுகிறது. மூன்று கட்டத் திட்டத்தின் இறுதிக் கட்டத்திற்குத் தேவையான அனுபவமும் உடன் கிடைக்கும்.

வலுவாக விழுங்குவதே அதன் தொல்லையும் ஆகும். உலையை அவசரமாக அணைக்கும் தண்டுகள் எவ்வளவு வலிமையோடு செயற்படும் என்பது, அவை இறங்கும் இடத்திலுள்ள நியூட்ரான் அடர்த்தியின் வர்க்கத்தைப் பொறுத்தது. நடுப்பகுதியில், அத்தண்டுகளின் அருகே, தோரியத்தைக் குவித்தால் அங்கு அடர்த்தி குறையும். அணைக்கும் தண்டுகள் வலுவிழக்கும். முழு ஆற்றலை எட்டுவதற்காக அணைக்கும் ஆற்றலைப் பலியிடுவது ஏற்கத்தக்கதன்று. மேலும், இடப்பட்ட கட்டுகள் நிலையாக நிற்பவையல்ல. எரிபொருள் மாற்றும்போது அவை குழாய்க்குள் நகர்ந்து, காலப்போக்கில் வெளியேறும். ஒவ்வொரு நகர்விலும் பகிர்வு மாறும். தோரியம் விழுங்கும் நியூட்ரான்களால் எரிபொருளின் ஆயுள் பெரிதும் குறையவும் கூடாது.

ஆகவே சிக்கல் இது: 306 குழாய்கள், குழாய்க்குப் பன்னிரண்டு கட்டுகள் வீதம் மொத்தம் 3672 இடங்கள். இவற்றுள் எவற்றில் தோரியத்தை இட்டால் கொதிப்பு சீராகும், அணைக்கும் தண்டுகள் வலுவிழக்காது, எரிபொருளும் வீணாகாது?

35 கட்டுகளை 3672 இடங்களில் வைக்கும் வழிகளை எண்ணிப்பார்த்தால், 85 இலக்கங்கள் கொண்ட ஓர் எண் கிடைக்கிறது. காணக்கூடிய பேரண்டத்திலுள்ள அணுக்களின் எண்ணிக்கையாகப் பொதுவாகச் சொல்லப்படும் எண்ணுக்கே 81 இலக்கங்கள்தாம். உலையின் சமச்சீர்மையைப் பயன்படுத்தி எவ்வளவு குறைத்தாலும் எந்தக் கணினியாலும் அனைத்தையும் சோதித்துவிட முடியாது.

இச்சிக்கலுக்கான தீர்வை கமலா பாலகிருஷ்ணன், அனில் ககோட்கர் ஆகிய டிராம்பேயின் இரு ஆய்வாளர்கள் 1994ஆம் ஆண்டு 'அன்னல்ஸ் ஆஃப் நியூக்ளியர் எனர்ஜி' இதழில் வெளியிட்டனர். கட்டுரையின் தலைப்பிலேயே அதன் நோக்கம் உள்ளது: முழு ஆற்றலை எட்டும்பொருட்டுத் தோரியக் கட்டுகளைக் கொண்டு தொடக்க எரிபொருள் நிரப்பலை உகப்பாக்குதல். உலைக்கு 35 தோரியக் கட்டுகள். குஜராத்தின் காக்ராபாரில் 1992 செப்டம்பர் 3 அன்று தொடர்வினையை எட்டிய முதல் உலையில் இவ்வமைப்பு இடம்பெற்றது. வெப்பப் பகிர்வைச் சீராக்குவதற்குத் தோரியத்தைப் பயன்படுத்திய உலகின் முதல் உலை அதுவே. பின்னர் காக்ராபாரின் இரண்டாம் உலையிலும், ராஜஸ்தானின் 3, 4 எண்ணிட்ட உலைகளிலும், நம் கைகாவின் முதலிரு உலைகளிலும் தோரியக் கட்டுகள் இடப்பட்டன.

பிற்காலத்தில் இதே சிக்கலைப் பரிணாம வழிமுறைகள் எனப்படும் நிரல்களிடம் ஒப்படைத்த இந்திய ஆய்வுகள் வந்தன. ஆயிரக்கணக்கான அமைப்புகளைப் பிறப்பித்து, நல்லவற்றை இணைத்து, அல்லவற்றைக் கைவிட்டுச் செல்லும் முறை அது. அது வளர்ச்சியே, ஐயமில்லை. ஆயினும் எந்த நிபந்தனைகள் மீறப்படலாகாது, எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்பதை இன்றும் இயற்பியல் அறிந்த மனிதரே எழுதித்தர வேண்டும். 1990களில் அந்த அறிவு வினாவை வரையறுத்ததோடு, விடையைத் தேடும் வேலையையும் பெருமளவு செய்தது.

5. கல்பாக்கத்தின் உடைந்த குழாய்கள்

இரண்டாவது நிகழ்வு நம் கடற்கரையில் நிகழ்ந்தது. சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983 ஜூலையிலும் இரண்டாவது 1985 ஆகஸ்டிலும் தொடர்வினையை எட்டின. முழுவதும் இந்தியப் பொறுப்பில் கட்டப்பட்ட முதல் அணுமின் நிலையம் அது.

இவ்வகை உலையில் கனநீர் இரண்டு பணிகளைச் செய்கிறது. குழாய்களுக்குள் ஓடும் கனநீர் வெப்பத்தை எடுத்துச்செல்கிறது. குழாய்களைச் சூழ்ந்து பெரிய கலத்தில் நிற்கும் கனநீர் நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்கிறது. உலையில் பிறக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு இந்தத் தணிப்பானிலேயே விழுகிறது. அது கொதிநிலைக்கு வெகு கீழேயே இருக்க வேண்டியது. ஆகவே அந்த வெப்பத்தால் நீராவி உண்டாக்க வழியில்லை. முழுவதும் வீண். அவ்வீண் வெப்பத்தையும் ஓயாமல் வெளியேற்றியாக வேண்டும். இல்லையேல் உலையை இயக்க முடியாது.

1980களின் இறுதியில் கல்பாக்கத்தின் இரு உலைகளிலும் தணிப்பான் உள்ளே நுழையும் பகிர்வுக் குழாய்கள் உடைந்தன. கனநீர் வரும் பாதையை மாற்றியமைத்து உலைகள் இயக்கப்பட்டன. புதிய பாதையில் தணிப்பான் முன்போல் சீராகச் சுழலவில்லை. சில இடங்களில் வெப்பம் தங்கும் நிலை. ஆகவே ஒவ்வோர் உலையும் 170 மெகாவாட்டுக்கு இறக்கப்பட்டது. வகுக்கப்பட்ட ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்கு. மின்சாரத்திற்குப் பயன்படாத இருபதில் ஒரு பங்கு வெப்பம், பயன்படும் வெப்பத்தில் காற்பங்கைப் பிணைக்கைதியாக வைத்திருந்தது.

அந்நிலை பத்தாண்டுகளுக்கும் மேல் நீடித்தது. கதிரியக்கம் மிகுந்த கலத்திற்குள் மனிதர் நுழைய முடியாது. பாயும் கனநீரின் வேகத்தையும் வெப்பத்தையும் இடத்திற்கு இடம் அளந்து பார்ப்பதும் அரிது. ஆகவே பாய்மக் கணக்கீடும் மாதிரிச் சோதனைகளும் கண்களின் வேலையைச் செய்தன. இறுதியில் கிடைத்த தீர்வின் கருத்து எளிது: கலத்தின் கீழ்ப்பகுதியில் சில எரிபொருள் குழாய்களின் இடத்தைத் துறந்து, அங்கே துளைகளிட்ட குழாய்களைச் செருகி, அவற்றின் வழியே தணிப்பானைப் பரவலாகப் பாய்ச்சுவது. உலைகளின் குளிர்விப்பான் குழாய்கள் மொத்தமாக மாற்றப்பட்ட 2002க்கும் 2006க்கும் இடைப்பட்ட காலத்தில் இத்திருத்தமும் செய்யப்பட்டது. இரு உலைகளும் மீண்டும் 220 மெகாவாட்டை எட்டின.

சில குழாய்களை இழந்து உலைக்கு 50 மெகாவாட் மீட்கப்பட்டது. இது 29 விழுக்காட்டை 30 ஆக்கவில்லை. ஆனால் எந்த விசையாழிச் சீர்திருத்தமும் தந்திருக்க இயலாத அளவு மின்சாரத்தைத் தந்தது.

6. ஒரு விழுக்காட்டின் மதிப்பு

அந்த ஒரு விழுக்காடு அற்பமானதா? இல்லை. கணக்கிட்டுப் பார்க்கலாம். 220 மெகாவாட் மின்சாரத்தை 29க்குப் பதில் 30 விழுக்காட்டுத் திறனில் எடுத்தால் தேவைப்படும் வெப்பம் 756இலிருந்து ஏறத்தாழ 733 மெகாவாட்டாகக் குறையும். 23 மெகாவாட் வெப்பம் நீர்த்தேக்கத்தில் விழாது. அதே அளவு எரிபொருளிலிருந்து கிடைக்கும் மின்சாரமோ ஏறத்தாழ 3.4 விழுக்காடு கூடும்.

யுரேனியம் மலிந்த நாட்டில் இது கணக்குப் புத்தகத்தின் ஒரு வரி. இந்தியாவிலோ 2007, 2008ஆம் ஆண்டுகளில் யுரேனியப் பற்றாக்குறையால் கனநீர் உலைகள் ஏறத்தாழப் பாதித் திறனில் ஓடின. 2008 செப்டம்பரில் அணுப்பொருள் வழங்கும் நாடுகளின் குழு விலக்களித்த பின்னரே நிலைமை மாறத் தொடங்கியது. அத்தகைய ஆண்டுகளில் ஒவ்வொரு கட்டையும் முழுமையாக எரிப்பதும், எரிந்த வெப்பத்தை முழுமையாகப் பயன்படுத்துவதும் வெறும் பொறியியல் நேர்த்தியாக நிற்கவில்லை. உலை ஓடுமா ஓடாதா என்பதே அதில் அடங்கியிருந்தது.

கைகாவின் முதல் உலை 2016 மே 13 முதல் 2018 டிசம்பர் 31 வரை 962 நாள்கள் இடைவிடாது இயங்கி அன்றைய உலகச் சாதனையைப் படைத்தது. அந்தச் செய்தியை நாளேடுகள் இயந்திரத்தின் உறுதிக்குச் சான்றாக எழுதின. நான் அதில் அன்றாட எரிபொருள் கணக்கையும் காண்கிறேன். 962 நாள்களில் ஏறக்குறைய அத்தனை முறை, எந்தக் குழாயைத் திறப்பது என்று யாரோ ஒருவர் கணக்கிட்டு முடிவெடுத்திருக்கிறார்.

கார்னோவின் எல்லையையே உயர்த்தும் முயற்சி கல்பாக்கத்தின் வேக ஈனுலைப் பாதை. அங்கு நீருக்குப் பதில் திரவ சோடியம். அழுத்தமின்றியே 547 டிகிரி வரை அது வெப்பத்தை ஏந்தும். நீராவி 490 டிகிரியில் கிடைக்கும். 40 விழுக்காடு அங்கிருந்து வருகிறது. அங்கும் பகிர்வுச் சிக்கலே மீண்டும் எழுகிறது: 181 எரிபொருள் தொகுப்புகளுக்கும் அவரவர் வெப்பத்திற்கேற்பச் சோடியத்தைப் பங்கிட வேண்டும். நடுவில் குறைவாகப் பாய்ந்தால் எரிபொருள் கெடும். ஓரத்தில் அதிகமாகப் பாய்ந்தால் வெளிவரும் சோடியத்தின் சராசரி வெப்பநிலை தாழ்ந்து, பெற்ற வெப்பத்திறன் கரையும். அவ்வுலையின் உள்ளகத்தை நிரப்பும் பணி 2024 மார்ச் 4 அன்று தொடங்கியது. 1985இல் இயங்கத் தொடங்கிய அதன் முன்னோடியான 40 மெகாவாட் வேக ஈனுலை, தன் முழு வெப்ப ஆற்றலை எட்டியது 2022இல். இப்பாதை பொறுமையைக் கேட்பது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

7. கணக்கு காணாத இடம்

உகப்பாக்கத்தின் வெற்றிகளை மட்டும் அடுக்குவது வரலாறாகாது. 1993 மார்ச் 31 அதிகாலையில் நரோராவின் முதல் உலையில் விசையாழியின் இறுதிக் கட்டத் தட்டுகள் இரண்டு முறிந்தன. அதிர்வில் குழாய்கள் பிளந்து, மின்னாக்கியைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் கசிந்து தீப்பற்றியது. நிலையம் பல மணிநேரம் மின்சாரமின்றி இருளில் மூழ்கியது. அன்று பணியிலிருந்தோர் உலையைப் பாதுகாப்பாக அடக்கினர்.

இறுதிக் கட்டத் தட்டுகள் வெப்பத்திறனுக்கு இன்றியமையாதவை. நீராவி தன் கடைசி வலுவைக் கொடுத்துவிட்டு வெளியேறும் இடம் அது. ஈரமும் நீளமும் அதிர்வும் சந்திக்கும் இடமும் அதுவே. உலையின் நியூட்ரான்களைப் பெட்டி பெட்டியாகக் கணக்கிட்ட ஒரு துறையில், ஒரு தகட்டின் களைப்பு கவனத்திற்குத் தப்பியது. நாம் எதைக் கணக்கிடுகிறோமோ அதில்தான் சிறந்து விளங்குகிறோம். கணக்கிடாதது காத்திருக்கிறது.

முடிவாக

இந்திய அணுமின் வரலாற்றில் வெப்பத்திறன் என்பதை 29, 33, 40 என்ற மூன்று எண்களின் ஏற்றமாக எழுதுவது எளிது. அந்த எண்கள் பெரும்பாலும் எரிபொருளையும் குளிர்விப்பானையும் தேர்ந்த நாளில் முடிவானவை. அவற்றுக்கு உள்ளே, அனுமதிக்கப்பட்ட வெப்பத்திற்கும் இயலக்கூடிய வெப்பத்திற்கும் இடையிலான இடைவெளியை மூடும் வேலையே கணக்கிடுவோரின் தனித்த பங்களிப்பு. காக்ராபாரின் 35 கட்டுகளும் கல்பாக்கத்தின் துளையிட்ட குழாய்களும் அவ்விடைவெளியின் வரலாறு.

இவ்வரலாற்றை எழுத வேண்டிய தரவுகள் அழிந்துகொண்டிருக்கின்றன. உலைகளின் புகைப்படங்கள் உள்ளன. திறப்புவிழாக் கல்வெட்டுகள் உள்ளன. துளையிட்ட அட்டைகளும் நிரல் அச்சுத்தாள்களும் பணிக் குறிப்பேடுகளும் பழைய காகிதமாக எடைக்குப் போகின்றன. வெளியான கட்டுரையில் வெற்றிபெற்ற ஒரே ஓர் அமைப்புதான் அச்சேறும். தோற்ற அமைப்புகள் எவை, அவை ஏன் கைவிடப்பட்டன என்பது குறிப்பேட்டில்தான் இருக்கும். ஓர் ஆய்வாளர் எவ்வாறு சிந்தித்தார் என்பதை அறிய நமக்குத் தேவை அந்தத் தோல்விகளே.

இதனை வாசிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்திலோ தெருவிலோ டிராம்பேயில், கல்பாக்கத்தில், கைகாவில், கூடங்குளத்தில் கணக்கிட்டு ஓய்வுபெற்ற பெரியவர் எவரேனும் இருப்பின், அவர்களது பணிக்காலக் கதைகளைக் கேட்டு எழுதிவையுங்கள். துறை வெளியிட அனுமதித்த செய்திகளே போதும். வீட்டுப் பரணிலுள்ள பழைய பாடக்குறிப்புகளையும் கருத்தரங்கக் கட்டுரைகளையும் எடைக்குப் போடுமுன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். நூலகத்தில் சேர்க்க வழி தேடுவோம்.

கபினியின் நீர் சிவனசமுத்திரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. 1902இல் அந்த வீழ்ச்சியைக் கட்டியவர்களின் கடிதங்களும் வரைபடங்களும் பேணப்பட்டதால்தான் அவர்களைப் பற்றி இன்று எழுத முடிகிறது. நூறாண்டு கழித்துக் கைகாவைப் பற்றி எழுத வருபவருக்கு நாம் என்ன வைத்துப்போகிறோம் என்பதை இப்போதே முடிவுசெய்தாக வேண்டும்.

பிழைகள் இருப்பின் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்வேன்.